பாலத்துக்கு இந்தப் பக்கம்

பாலத்தின் நடுவில் டார்ச் அணைந்துவிட்டது. எஸ்தர் இருட்டில் கையை நீட்டித் துழாவினாள். பின்னால் வந்துகொண்டிருந்த தம்பியின் கை அங்கே இல்லை.

சுப்ரஜா அந்த இடத்தில் புத்தகத்தை டப்பென்று மூடினாள்.

“மூடாதே” என்றார் பாலச்சந்திரன்.

அப்பா இதுவரை சொல்லாத வார்த்தை அது. கதையை முடிச்சில்தான் நிறுத்த வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். ஆபத்து வாசல்வரை வந்து நிற்க வேண்டும், கதவு திறக்கக் கூடாது, மிச்சம் நாளைக்கு. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் ஊறி வளர்ந்த மனுஷன். டிஃபன்ஸ் அக்கவுண்ட்ஸ் வேலைக்காகப் பூனாவுக்கு வந்த நாளிலிருந்து, வாரம் தவறாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கேம்ப் ஏரியாவுக்குப் போய், தமிழ்ப் பத்திரிகை விற்கும் ஒரே கடையில் காத்துக் கிடந்து வாங்கி வருவார். லாரி வராமல் புத்தகம் வராத வாரங்களில் அம்மாவின் சாம்பாரில் குற்றம் கண்டுபிடிப்பார்.

அந்தக் கடை இப்போது மொபைல் கவர் விற்கிறது. அப்பா ஹாலில், ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு கிடக்கிறார். இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நுரையீரல் போய்க்கொண்டிருந்தது. மருந்தின் வேகத்தில் எழுத்துக்கள் கலைந்து ஓடுவதாகச் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி வைத்தவர், பிறகு அதைக் கேட்கவே இல்லை. அம்மாவுக்குத் தமிழ் படிக்க வரும், ஆனால் கதை என்றால் இரண்டாவது பாராவில் கொட்டாவி. பூனாவின் விஷ்ராந்த்வாடியிலேயே பிறந்து வளர்ந்து ஜூனியர் காலேஜ் வரை வந்துவிட்ட சுப்ரஜாவுக்குத் தமிழ் பேச வரும், அதுவும் நொண்டி நொண்டி. எழுத்துக்கூட்டக்கூட வராது.

அவள் கையில் இருந்தது சிநேகிதியிடம் இரவல் வாங்கிய இங்கிலீஷ் நாவல். அட்டையில் எரிகிற நகரம், அதைப் பார்த்தபடி முதுகு காட்டி நிற்கும் மூன்று பிள்ளைகள். வேற்றுக் கிரகத்து ஜந்துக்கள் பூமியைப் பிடித்துக்கொண்ட பிறகு, பெரியவர்கள் துணையில்லாமல் தப்பிப் பிழைக்கிற பசங்களின் கதை. ஒருநாள் கட்டிலருகே உட்கார்ந்து தனக்குள் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார். “என்ன புஸ்தகம்? சொல்லேன், கேக்கறேன்” என்றார். அப்படி ஆரம்பித்தது.

ஆரம்பித்த அன்றைக்கே ரகளை. அந்தப் பசங்களின் பெயர் வாயில் நுழையவில்லை என்றார். அவர்கள் இருந்த அமெரிக்க ஊர் மனசில் வரவே மாட்டேனென்கிறது, எல்லாரையும் இங்கே கூட்டிக்கொண்டு வா என்றார். சுப்ரஜா கூட்டிக்கொண்டு வந்தாள். ஜந்துக்களின் கப்பல்கள் ஆளந்தி ரோட்டுக்கு மேலே வந்து நின்றன. கதாநாயகிக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தது அப்பா. ஆபீசில் பக்கத்து சீட்டில் இருந்தவளின் பெயர்.

“ஆமாம், ஹீரோயினுக்கு அந்தப் பேர்தான் ஞாபகம் வரும்” என்றாள் அம்மா சந்திரிகா, சமையலறையிலிருந்து.

“சந்திரிகான்னு வெச்சா ஜந்து எல்லாம் முதல் நாளே ஓடிப் போயிடும். கதை எப்படி நடக்கும்?” என்றார் அப்பா. சிரிக்கப் போய் இருமல் வந்து, ஆக்ஸிஜன் மெஷினின் குமிழைக் கூட்டி வைக்க வேண்டியதாயிற்று.

எஸ்தரின் தம்பிக்கு மாதவ் என்றும் கூடவே வரும் பையனுக்குக் கிருஷ்ணா என்றும் பெயர். ஏலியன் என்ற சொல்லும் அவருக்குப் பிடிக்கவில்லை. கூப்பிடாமல் வந்திருக்கிறார்கள், போகவும் மாட்டேனென்கிறார்கள், அப்படியென்றால் விருந்தாளி என்று சொல்லேன் என்றார். கண்ணால் பூஜை அறைப் பக்கம் காட்டினார். அங்கே ருக்மிணி அத்தை, அப்பாவின் அக்கா, தம்பியைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள், போகாமல் ஜபம் பண்ணிக்கொண்டிருந்தாள். சுப்ரஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து விருந்தாளிகள்தான்.

விருந்தாளிகளுக்கு வேண்டியது தண்ணீர். மொட்டை மாடித் தொட்டிகளின் மேல் ஈரத்துணி மாதிரி படர்ந்து கிடப்பார்கள். டாங்கர் லாரிகளை உறிஞ்சிச் சப்பிப் போட்டுவிட்டார்கள். ஈரம் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து வருவார்கள், அதனால் அந்தப் பசங்கள் வியர்க்க ஓடக் கூடாது, அழவும் கூடாது. ஒரு சொட்டுக் கண்ணீர் போதும், மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார்கள். இந்தச் சட்டம் புத்தகத்திலேயே இருந்தது. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. “பலே, எழுதினவன் வேலை தெரிஞ்சவன்” என்றார்.

தப்பு நடந்தது மூன்றாவது அத்தியாயத்தில். எஸ்தரின் அப்பா அதில் செத்துப்போகிறார். காலேஜ் பஸ்ஸில் அதைப் படித்துவிட்டு, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாள் சுப்ரஜா. அன்று சாயங்காலம் அப்பா தலையணையைச் சாய்த்துக்கொண்டு தயாராக இருந்தார். அவள் வாயிலிருந்து வேறு வந்தது. எஸ்தரின் அப்பா பிள்ளைகளை ஒரு பள்ளிக்கூடத்தில் ஒளித்துவைத்துவிட்டு, மருந்து தேடிக் கேம்ப் பக்கம் புறப்பட்டுப் போனார் என்று சொன்னாள்.

அனுப்பிவிட்டாள். திரும்ப வரவழைக்கத்தான் வழி தெரியவில்லை. புத்தகத்தில் செத்த மனுஷன் இவள் கதையில் தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்தார். அவர் உயிரோடு இருப்பதால் எஸ்தர் புத்தகத்தில் செய்த எதையும் இங்கே செய்ய முடியவில்லை. அப்பா வருவார் என்று ஒவ்வொரு இடத்திலும் காத்திருந்தாள். கதை அங்கே பிரிந்ததுதான், பிறகு ஒட்டவே இல்லை. கேட்கிறவரோ விடுகிற ஆள் இல்லை. ‘அந்த அப்பா என்ன ஆனார்?’ என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்பார். வந்துகொண்டிருக்கிறார் என்பாள் இவள்.

“மூடாதேன்னேனே” என்றார் அப்பா மறுபடி. “இன்னிக்கு முடிச்சுடு.”

“நிறைய பாக்கி இருக்குப்பா. புக் இவ்ளோ திக்கா இருக்கு, பாருங்கோ.”

“புஸ்தகம் தீர்ந்து ரொம்ப நாளாச்சு.” மூச்சுக்காக நிறுத்தினார். “பக்கம் திருப்பற சத்தமே வரதில்லை. நீயா சொல்லிண்டிருக்கே.”

சுப்ரஜாவுக்குக் காது சுட்டது. “தெரிஞ்சுண்டேதான் கேட்டேளா?”

“இதான் நன்னாருக்கு. அவன் எழுதினதைவிட.” கண்ணை மூடித் திறந்தார். “அந்த அப்பா எங்கே? அதை மட்டுமாவது சொல்லிடு.”

“வந்துண்டிருக்கார்.”

“எவ்வளவு நாளா வருவார், கேம்ப்லேர்ந்து?”

ரிக்‌ஷா ஸ்ட்ரைக்காக இருக்கும் என்று அவள் சொன்னாள். அப்பா உதட்டோரம் சிரித்தார். “நாளைக்குப்பா, ப்ராமிஸ், காலேஜ் கிடையாது” என்று எழுந்துகொண்டாள்.

பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். எஸ்தரின் அப்பா நடந்துகொண்டிருக்கிறவரை இந்தக் கட்டிலில் இருக்கிறவரும் இருப்பார் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தாள் என்பது தெரியாது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்லவில்லை. தினமும் ஒரு தெரு, தினமும் ஒரு ஆபத்து. இப்போது எல்லாத் தெருவும் தீர்ந்து, பசங்கள் பண்ட் கார்டன் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். கீழே ஆறு, ஆறு முழுக்க விருந்தாளிகள். அந்தப் பக்கம் போனால் கேம்ப். அந்தப் பக்கம் போனால் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவின் மூச்சு மாறியது. இழுத்து, வெகுநேரம் நின்று, மறுபடி இழுத்தது. அம்மா ஸ்பூனால் கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது. டாக்டருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்கள். அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார். அம்மா தாங்க்யூ டாக்டர் என்றாள். போனை அணைத்த பிறகும் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ருக்மிணி அத்தையிடம் திடீரென்று ஒரு நிதானம் வந்தது. கங்கைச் செம்பின் மூடியை உடைத்தாள், துளசி கேட்டு எதிர்வீட்டு மராத்தி மாமி ஜோஷி காகுவிடம் போனாள், நிக்டியில் இருக்கும் விச்சு சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். சித்தப்பா கிளம்பிவிட்டார், ஆனால் ஹைவேயில் வண்டி நகரவில்லையாம். அத்தை போனைப் பிடித்தபடி ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தாள்.

அவள் கவலை வேறு. பிராணன் போகும்போது வலது காதில் கர்ண மந்திரம் சொல்ல வேண்டும். பிள்ளை சொல்வது. பிள்ளை இல்லாவிட்டால் தம்பி. தம்பி வாகட் பாலத்துக்குப் பக்கத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தான். ராஸ்தா பேட்டை சாஸ்திரிகள் மந்திரத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். விச்சு வந்துவிடட்டும், பாலு காத்திருப்பான் என்று அத்தை இரண்டாம் தரம் சொன்னபோதுதான் அம்மா தலை நிமிர்ந்தாள். அதுவரை அப்பாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள்.

“சுப்ரஜா சொல்லட்டும்.”

“பொண் குழந்தைடி. வழக்கமில்லையே.”

“இத்தனை நாளா அவர் காதுல சொல்லிண்டிருக்கிறவ அவதான்க்கா” என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவின் மார்பைப் பார்த்தாள். அது எழும்ப நேரமாகிக்கொண்டிருந்தது. போனைச் சுப்ரஜாவிடம் நீட்டினாள்.

திரை முழுக்கத் தமிழ் எழுத்து. சுப்ரஜாவுக்கு அது எறும்பு வரிசை.

“எனக்குப் படிக்க வராது, அத்தை.”

அத்தை நெற்றியில் அடித்துக்கொள்ளப் போன கையைக் கீழே விட்டாள். சரி, நான் இங்கே நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்கிறேன், நீ அப்படியே வாங்கிக் காதுக்குள் சொல்லு, வெளியே கேட்க வேண்டாம், அவனுக்குக் கேட்டால் போதும் என்றாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

சுப்ரஜா தரையில் மண்டி போட்டு, அப்பாவின் வலது காதில் வாயை வைத்தாள். சவரம் செய்யாத கன்னம் உதட்டில் குத்தியது. விபூதியும் டெட்டாலும் கலந்த வாசனை. அத்தையின் குரல் கணீரென்று எழுந்து முதல் வரியைச் சொல்லி நின்றது.

வரியை வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தாள். வாயைத் திறந்ததும் அது அங்கே இல்லை.

“அப்பா, மாதவ் கெடச்சுட்டான்” என்றாள் காதுக்குள். “ஷூ லேஸ் கட்ட உக்காந்திருந்தான். ஒண்ணும் ஆகல.”

அத்தை இரண்டாவது வரியைச் சொன்னாள்.

“எஸ்தரோட அப்பா இப்போ கேம்ப்புல இல்ல. இந்தப் பாலத்துலதான் இருக்கார். செவுத்துல சாஞ்சு உக்காந்துண்டிருக்கார். டார்ச் அணைஞ்சதுனால அவ பாக்கல. கை பட்டுதான் தெரிஞ்சது.”

வாசல் கதவு திறந்தது. விச்சு சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். எங்கேயோ வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தவர்போல மூச்சு வாங்கியது. அத்தை நிறுத்தாமல் கையால் சைகை காட்டினாள். அவர் சுற்றி வந்து, சுப்ரஜாவின் தோளுக்குப் பின்னால் குனிந்து அண்ணாவின் தலையைத் தாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வரி. நின்றால் அத்தைக்குத் தெரிந்துவிடும். நின்றால் அவளால் மறுபடி ஆரம்பிக்கவும் முடியாது.

“செத்துப் போயிட்டார்ப்பா. விருந்தாளி யாரும் ஒண்ணும் பண்ணல. நடந்து நடந்து ரொம்ப டயர்ட் ஆயிட்டார். மருந்தெல்லாம் பைல வெச்சிண்டிருக்கார். திரும்பி இவாகிட்டதான் வந்துண்டிருந்தார்.”

தோளுக்குப் பின்னால் சித்தப்பாவின் மூச்சு ஒருகணம் நின்றது. அவருக்குக் கேட்டுவிட்டது. சுப்ரஜா திரும்பவில்லை.

நான்காவது வரி நீளமாக இருந்தது. அத்தைக்கு நடுவில் குரல் உடைந்து, மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். அந்த நேரம் சுப்ரஜாவுக்குக் கிடைத்தது.

“எஸ்தர் அழுதுட்டா, அப்பா. கிருஷ்ணா அவ வாயைப் பொத்தறான். சத்தம் போடாதே, கண்ணைத் தொடச்சுக்கோங்கறான். அவளால முடியல. ஜோரா அழறா. பாலம் முழுக்கக் கேக்கறது. ஆனா யாரும் வரல.”

அப்பாவின் மார்பு எழும்பியது. இறங்கியது.

“யாருமே வரல. மாதவ்தான் முதல்ல பாத்தான். ஆத்துல வெறும் தண்ணி. மாடி எல்லாம் காலி. அவா போயிட்டா. எப்போ போனாளோ தெரியாது. இவ அழுததனாலதான் தெரிஞ்சது.”

அத்தை கடைசி வரிக்கு வந்திருந்தாள். அவள் குரல் இறங்கியதில் அது புரிந்தது.

“அவர்கிட்ட கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா. அப்பறம் எழுந்து அந்தப் பக்கம் போயிட்டா, மூணு பேரும். அவாளுக்கு வழி தெரியும். அவ்ளோதான்ப்பா.” மூச்சு விட்டாள். “முடிஞ்சுது.”

அப்பாவின் இமை அசையவில்லை. விரலும் அசையவில்லை. கேட்டதா என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு உஸ்ஸென்று காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு மூச்சு வந்தது, சின்னதாக. அதற்கு அடுத்ததற்காக நாலு பேரும் காத்திருந்தார்கள்.

அம்மாதான் முதலில் எழுந்தாள். குழாயை அவர் மூக்கிலிருந்து மெல்ல எடுத்தாள். அது பதித்திருந்த சிவப்புக் கோட்டைக் கன்னத்தில் கட்டைவிரலால் நீவினாள், இரண்டு பக்கமும். பிறகு குனிந்து சுவிட்சை அணைத்தாள். வீட்டில் இத்தனை நாள் அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. கீழே கேட்டில் யாரோ காய்கறி விற்கும் பாஜிவாலாவோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ருக்மிணி அத்தை நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக் குலுங்கினாள். தன் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த தம்பி என்பது அந்த அழுகையில் இருந்தது. கொஞ்சநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுப்ரஜாவைப் பார்க்காமல் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“நீ பக்கத்துல இருந்தியே, விச்சு. இவளுக்குத் தமிழே தகராறு. எல்லாம் சரியா சொன்னாளா?”

சுப்ரஜா தரையைப் பார்த்தாள். சித்தப்பா அண்ணாவின் தலையைத் தலையணையில் வைத்து, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டார். அதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

“சொன்னா அக்கா” என்றார். “ஒண்ணு விடாம சொல்லிட்டா.”

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஜோஷி காகு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு மராத்தியில் அழுதாள். அடுப்பு மூட்டக் கூடாது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிட்லா பாக்ரி எங்கள் வீட்டிலிருந்துதான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவின் ஆபீஸ்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்து, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றார்கள். சாஸ்திரிகள் வந்ததும் கட்டிலை ஒதுக்கித் தரையில் இடம் பண்ணினார்கள். சித்தப்பா ஈர வேட்டியோடு உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் செய்தார். நெருப்பு வைக்கப்போகிறவர் அவர்தான். பெண்கள் வாசலோடு சரி என்று அத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தாள். அம்மா தலையாட்டினாள்.

சுப்ரஜா அப்பாவின் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை நகரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினார்கள். புது வேட்டியின் விறைப்பில் அப்பா ஆபீசுக்குக் கிளம்புகிறவர்போல இருந்தார்.

சாஸ்திரிகள் பஞ்சைக் கிள்ளி, உருட்டி, ஒவ்வொன்றாகச் சித்தப்பாவிடம் கொடுத்தார். மூக்கில் ஒன்று, இன்னொன்று. இடது காதில் ஒன்று வைத்து அழுத்தினார். எழுந்து, தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, சுப்ரஜாவின் அருகில் மண்டி போட்டார். குனிந்தார். பஞ்சு காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“ஆச்சா?” என்றார் சாஸ்திரிகள், தர்ப்பைக் கட்டைப் பிரித்தபடி, நிமிராமல்.

சித்தப்பா பஞ்சோடு கையை மூடிக்கொண்டார். “ஆச்சு” என்றார்.

முகவாயிலிருந்து உச்சந்தலைவரை, இரண்டு காதையும் மூடி, துணியைச் சுற்றிக் கட்டினார். முடிச்சு ஒருதரம் நழுவியது. வலது கையில் இரண்டு விரலைத்தான் நீட்ட முடிந்தது.

தூக்கினார்கள். லிஃப்டில் போகாது, படி வழியாகத்தான். அத்தை அழ ஆரம்பித்தாள். வாசற்படியில் அம்மா சுப்ரஜாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா முன்பக்கத்து மூங்கிலைத் தோளில் தாங்கியிருந்தார். குறுகலான படித் திருப்பத்தில் பாரம் ஒரு பக்கமாகச் சாய, கீழே போகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கோ, சுவரைப் பிடித்துக்கோ என்று கத்தினார்கள். சித்தப்பா சுவரில் கை ஊன்றினார், விரலைப் பிரிக்காமல், மூடிய முஷ்டியால். சுண்ணாம்பு உதிர, அந்தக் கை சுவரோடு உராய்ந்துகொண்டே கீழே இறங்கிப் போயிற்று.